இரண்டாவது கம்பி

கட்டில் விரிப்பின்மேல் அளவு நாடாவை நீட்டி வைத்து, கம்பியின் நுனியை அதன் தொடக்கக் கோட்டோடு பொருத்த யோகா மறுபடியும் முயன்றாள். தையல் நூலைவிடச் சற்றே தடித்த கம்பி. சுருளிலிருந்து விடுபட்டதும் தன் பாட்டில் வளைந்து, அவள் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

"பெருவிரலால அமத்தும்," என்றார் அருந்தவன். "நூல் மாதிரிச் சொல்லுக் கேளாது அது."

இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது அவருக்கு. முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். மூக்கில் பொருத்திய மெல்லிய குழாய் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் மூலையில் இரைந்துகொண்டிருந்த ஒக்சிஜன் மெசினில் முடிந்தது. அந்த இரைச்சல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யோகா எதையும் முழுதாகக் கேட்டதில்லை.

மகள் சிவாஜினி காலையிலேயே புறப்பட்டுப் போயிருந்தாள். மதியம் வரை பார்மசியில் வேலை. வரும்போது அப்பாவின் புது மருந்தை எடுத்து வருவாள். அவளுடைய கார் ஒழுங்கையைத் தாண்டிய சத்தம் ஓய்ந்த பிறகுதான் அருந்தவன் கேட்டார். வாரக்கணக்காக அவர் எதையும் கேட்டிருக்கவில்லை. கஞ்சி வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் அதே ஆட்டம்தான். அதனால் அவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டபோது யோகாவுக்கு முதலில் வந்தது சந்தோசம். பிறகுதான் கேட்டது என்னவென்று விளங்கியது.

"உம்மட நூல் பொபின் பெட்டிக்குள்ள அடியில பாரும். ஒண்டு கிடக்கு. கம்பி எரிஞ்சுபோச்சு, மாத்த வேணும். எனக்குக் கை நடுங்குது."

"பிள்ளை கண்டால் என்னைக் கொல்லுவாள்."

"என்னைத் தாண்டித்தானே உம்மட்ட வருவாள். நான் முந்திக்கொண்டு போயிடுவன்."

அவர் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு முதன்முறை கொண்டுபோனபோதும், தள்ளுவண்டியைத் தள்ளியவனிடம் போர்க்லிப்ட் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டவர்.

சிகரெட்டை விடட்டும் என்று, பற்றரியில் திரவத்தைச் சூடாக்கிப் புகைபோல் இழுக்கும் வேப்பை முதலில் வாங்கிக் கொடுத்தவளே சிவாஜினிதான். அவர் சிகரெட்டை விட்டார். ஆனால் கடையில் வாங்கும் ஆயத்தக் கம்பித் தலைகளைப் பூட்டி இழுப்பதில் அவருக்குத் திருப்தி வரவில்லை. கம்பியை வாங்கி, தானே அளந்து, தானே சுற்றி, பஞ்சு கோத்து இழுக்கத் தொடங்கினார். ட்ருகனினா என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. பகலெல்லாம் பெட்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, குளித்து, குசினி மேசையில் உட்காருவார். மேசையின் மறுபாதியில் யோகாவின் தையல் மெசின். ஒரே விளக்கின் கீழ் அவள் பிளவுஸ் தைப்பாள், அவர் கம்பி சுற்றுவார். ஒருவர் வேலையைப் பற்றி மற்றவர் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்கு அவருடைய மின்தடைக் கணக்கு தேவைப்படவில்லை, அவருக்கு அவளுடைய கைவெட்டு தேவைப்படவில்லை. அந்த வருடங்களில்தான் தாங்கள் மிக நெருங்கி இருந்ததாக யோகாவுக்கு இப்போது தோன்றியது. அப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

நுரையீரல் கைவிட்டபோது சிவாஜினி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி எறிந்தாள். புது வேப்பைச் சும்மா கடையில் வாங்க முடியாதபடி சட்டமும் மாறியிருந்தது. எல்லாம் போய்விட்டது என்றுதான் யோகாவும் நினைத்திருந்தாள். அவளுடைய பொபின்களுக்கு அடியில் அவர் ஒன்றை ஒளித்து வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

"ஏழு சென்ரிமீற்றரில வெட்டும். அவ்வளவையும் சுத்தலாம். பிறகு அதோட கிடக்கிற, தடை காட்டுற சின்னப் பெட்டியில பூட்டிப் பாத்தால் ஒண்டுக்குக் கிட்ட நிக்க வேணும். குறைஞ்சால் பற்றரி கொதிக்கும். கூடினால் புகை வராது."

அவள் நாடாவில் ஏழைக் கண்டுபிடித்தாள். கத்தரிக்கோலை அங்கே வைத்தாள். பிறகு அவளை அறியாமலே கத்தரிக்கோல் இரண்டு விரற்கடை தள்ளிப் போனது. சரியாகக் கோட்டிலே வெட்டுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. எந்தத் துணியையும் தையலுக்கு விட்டுத்தான் வெட்டியிருக்கிறாள். கூடினால் உள்ளே மடிக்கலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, குறைந்தால் பற்றரி கொதிக்கும் என்று அவர் சொன்னது காதில் நின்றது. கூடினால் புகைதான் வராது, வேறு கெடுதலில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

சின்ன ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் கம்பியைச் சுற்றினாள். இரு கால்களையும் திருகாணிகளின் கீழ் செருகி இறுக்கினாள். பஞ்சை உருட்டிச் சுருளுக்குள் நுழைத்தபோது அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"விளக்குத்திரி மாதிரி முறுக்காதேயும். நான் சாமி இல்லை."

"சாமியெண்டால் இவ்வளவு கரைச்சல் தராது."

கூடக் கிடந்த போத்தலிலிருந்து கோப்பி வாசத் திரவத்தைப் பஞ்சில் சொட்டவிட்டு, சின்னப் பெட்டியில் பூட்டியதும் இலக்கம் வந்தது. ஒன்றரைக்கு மேல்.

"என்ன காட்டுது?"

"சரியாத்தான் காட்டுது," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைப் பிறகு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தாள். அவரிடம் திட்டு வாங்கக் கூடாதென்றல்ல. அவர் திட்டுபவரல்ல. தன்னிடம் கேட்ட ஒரு காரியத்தை முதல் தடவையிலேயே சரியாகச் செய்துவிட்டதாக அவர் நினைக்க வேண்டுமென்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். அந்தச் சின்னத்தனத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் சுமப்பதற்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஒக்சிஜனுக்குப் பக்கத்தில் நெருப்பு, சிகரெட், வேப் ஒன்றும் ஆகாது என்று வீட்டுக்கு வரும் நேர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். முகம் வெந்துபோன ஒருவரின் கதையையும் சொல்லியிருந்தாள். யோகா மெசினை நிறுத்தினாள். குழாயை அவருடைய மூக்கிலிருந்தும் மெசினிலிருந்தும் கழற்றிச் சுருட்டி வெளியே ஹோலில் கொண்டுபோய் வைத்தாள். யன்னலைத் திறந்து, போர்வையை உதறிக் காற்றுப் போகவிட்டாள். இந்த நாட்டின் ஓகஸ்ட் மாதக் குளிர் உள்ளே வந்தது. தூரத்தில் ஏதோ களஞ்சியத்தில் லொறி ஒன்று பின்னால் எடுக்கும் கூக்கூ சத்தம். மெசின் நின்றபிறகு எல்லாம் மிகத் தெளிவாகக் கேட்டது. அவருடைய மூச்சும் கேட்டது. கடதாசியைக் கசக்குவது போன்ற ஒலி.

"லொறிக்காரன் புதுசு," என்றார் அவர். "இவ்வளவு நேரம் எடுக்கிறான்."

அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு அவள் வேப்பை அவருடைய உதட்டில் வைத்தாள். அவர் இழுத்தார். கன்னம் குழிந்தது. எதுவும் வரவில்லை. மறுபடி இழுத்தார். இளஞ்சூடான ஆவியில் லேசான கோப்பி வாசம் மட்டும் எழுந்து அடங்கியது.

அவர் அவளைப் பார்த்தார். "எத்தினையில வெட்டினனீர்?"

அவள் நாடாவில் விரல் வைத்துக் காட்டினாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. "பிளவுஸ் எண்டு நினைச்சீரோ. எனக்கும் தையலுக்கு விட்டிருக்கிறீர்."

"மெசினைப் போட்டுவிடுறன். ஆறுதலா இருங்கோ. நான் வேறை ஒண்டு சுத்திறன்."

"வேண்டாம்."

"உதடெல்லாம் நீலமாக் கிடக்கு."

"போட்டால் திரும்ப நிப்பாட்ட விடமாட்டீர். எனக்குத் தெரியும் உம்மை."

உண்மைதான். போட்டிருந்தால் மறுபடி நிறுத்தியிருக்க மாட்டாள். அவளுக்கும் அது தெரிந்ததால்தான் மெசினிடம் போகாமல் கம்பியிடம் திரும்பினாள்.

இம்முறை கட்டில் ஓரத்தில் வெளிச்சத்தைப் பார்க்க உட்கார்ந்தாள். கம்பியைப் பெருவிரலால் அமர்த்தி, ஏழிலே நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டிலேயே வெட்டினாள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டி உட்காரும்படி நகத்தால் தள்ளிச் சுற்றினாள். தைக்கும்போது வரும் அந்த நிலை வந்தது. விரல்நுனியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாத நிலை. பஞ்சைத் தளர்வாக உருட்டினாள். "இந்தமுறை முறுக்கேல்லை, பாருங்கோ," என்றாள். பதில் வராததைக் கவனிக்கவில்லை. பெட்டியில் பூட்டினாள். இலக்கம் ஒன்றில் நின்றது.

"இஞ்சாருங்கோ, ஒண்டு," என்று பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள்.

அவருடைய முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கடதாசி கசங்கும் ஒலி எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. லொறியின் சத்தமும் நின்றிருந்தது.

யோகா பெட்டியைக் கீழே வைத்தாள். அவருடைய நெஞ்சில் கை வைத்தாள், பிறகு காதை வைத்தாள். அதன்பின் அவள் செய்தவற்றை வேறு யாரோ செய்ததுபோலத்தான் அவளால் நினைவுகூர முடிந்தது. வேப், கம்பி, சின்னப் பெட்டி, போத்தல் எல்லாவற்றையும் பொபின் பெட்டிக்குள் போட்டு மூடினாள். யன்னலைச் சாத்தினாள். ஹோலுக்குப் போய்க் குழாயை எடுத்து வந்து மெசினில் பூட்டினாள். அவருடைய தலையைத் தூக்கி, காதுகளுக்குப் பின்னால் குழாயைக் கொழுவி, முனைகளை மூக்கில் பொருத்தினாள். மெசினைப் போட்டாள். அது வழக்கம்போல ஒரு கீச்சொலி எழுப்பிவிட்டு, இரையத் தொடங்கியது. செத்த மனிதனின் மூக்கில் காற்று போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவாஜினி வந்தபோது அப்படித்தான் இருந்தாள்.

"அப்பா நித்திரையோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் கட்டிலடியில் நின்றாள். கழுத்தில் விரல்களை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே நெடுநேரம் நின்றாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி மெசினைப் பார்த்தாள். குனிந்து, அதன் முன்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். யோகா அவருடைய கையை விட்டாள்.

சிவாஜினி கையை நீட்டி மெசினை நிறுத்தினாள்.

"ஏனம்மா அறை இப்பிடிக் குளிருது?"

"புழுக்கமா இருக்கெண்டவர். கொஞ்சம் யன்னல் திறந்தனான்."

"கோப்பி போட்டனீங்களோ?"

"ஓம்."

குசினியில் கோப்பிக் கோப்பை எதுவும் இல்லை. சிவாஜினி குசினிக்குப் போனாள், வந்து நேர்ஸுக்குப் போன் எடுத்தாள். நேர்ஸ் வந்து பார்த்து, உறுதிசெய்து, யோகாவின் தோளை அணைத்து, நிம்மதியாகத்தான் போயிருக்கிறார் என்றாள். நிம்மதி என்ற அந்தச் சொல்லுக்கு யோகா தலையாட்டினாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஆட்கள். செருப்புகள் வாசலில் குவிந்தன. தேத்தண்ணி வைப்பதற்கும் கோப்பை கழுவுவதற்கும் யாரோ இருந்தார்கள். அருந்தவனோடு அதே களஞ்சியத்தில் வேலைசெய்த ஆனந்தராஜா தினமும் வந்து முன் அறையில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ர கண்ணுக்கு முன்னாலதான் கம்பி சுத்தப் பழகினவன்," என்றார் ஒருநாள் எல்லோருக்குமாக. "லஞ்ச் நேரம் மனிசர் சோறு தின்னுவினம், இவன் மடியில ஒரு துணியை விரிச்சு வைச்சுக்கொண்டு அளப்பான். பொம்பிளை பாக்கேக்கை இவ்வளவு அளந்து பாத்தனியோடா எண்டு கேட்டன். பாக்காமல்தான் கட்டினனான், அதுதான் சரியா அமைஞ்சது எண்டவன்." சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். "தங்கச்சி, அந்தப் புகைக்குழாய் ஒண்டு இருந்தால் அவன்ர பெட்டிக்குள்ள வைச்சு அனுப்புவம். ஆசைப்பட்ட சாமான்."

"பற்றரி இருக்கிறது ஒண்டும் உள்ள வைக்க விடமாட்டினம் அங்கிள்," என்றாள் சிவாஜினி கதவடியில் நின்று. "அதோட எல்லாம் நான் எறிஞ்சிட்டன்." அவள் சொன்ன விதத்தில் எறிந்ததற்கான வருத்தம் இருந்தது.

யோகா தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளித் தையல் மேசை. அதன்மேல் யாரோ தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

மகளுக்குத் தெரியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. சிவாஜினி சாப்பிடவில்லை. அம்மாவின் கண்ணைப் பார்ப்பதில்லை. தனியே இருக்க நேர்ந்தால் ஏதோ சாட்டுச் சொல்லி எழுந்து போனாள். ஒக்சிஜன் மெசினைத் திருப்பிக் கொண்டுபோக வந்த ஆளிடம் அது சரியாக வேலைசெய்ததா என்று மறுபடி மறுபடி கேட்டாள். அவளாகவே கேட்டுவிட்டால் நல்லது என்று யோகா ஒரு நேரம் நினைத்தாள். கேட்காமலே விட்டால் இன்னும் நல்லது என்று மறுநேரம் நினைத்தாள். சொல்ல வேண்டிய வசனம் அவளிடம் தயாராக இருந்தது. தட்டுக் கழுவும்போதும் முகம் கழுவும்போதும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை தன்னை இனி எப்படி அம்மா என்று கூப்பிடும் என்ற இடத்தில் வசனம் நின்றுபோகும். கணவனை இழந்தபிறகு இந்த நாட்டில் அவளுக்கு இருந்தது இந்த ஒரு பிள்ளைதான்.

பார்வைக்கு வைக்கும் நாளன்று, ஆட்கள் வருவதற்கு முன் உடுப்பு உடுத்த இருவரையும் மட்டும் உள்ளே விட்டார்கள். மரணச்சாலைப் பெண் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள். சின்ன அறை, கழுவும் தொட்டி, மேலே வெள்ளை விளக்கு. அருந்தவன் தன்னைவிட இளையவராகக் கிடந்தார். நெற்றி வழவழப்பாக, யாரோ மடிப்பெல்லாம் எடுத்துவிட்டது போல.

இருவருமாக வேட்டியைச் சுற்றினார்கள். யோகா சால்வையின் மடிப்பை நீவினாள். சிவாஜினி கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, ஒண்டு சொல்ல வேணும்."

யோகாவின் கை சால்வையில் நின்றது.

"அண்டைக்கு வெளிக்கிட முதல் நான் மெசினைக் கூட்டிப்போட்டுப் போனனான்."

"என்னத்தை?"

"ஒக்சிஜனை. ரெண்டில இருந்ததை மூண்டாக்கினனான். நேர்ஸைக் கேக்கேல்ல. அவர் கஷ்டப்படுறதைப் பாத்துக்கொண்டு வேலைக்குப் போகேலாமல் இருந்தது." குரல் தட்டையாக இருந்தது, மருந்துக்கு விளக்கம் சொல்வது போல. "அப்பான்ர நுரையீரல் வருத்தத்துக்கு ஒக்சிஜன் கூடினால் மூச்சு எடுக்கிறதே குறைஞ்சு குறைஞ்சு நிண்டுபோகும். எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான். வந்து பாக்கேக்கை நான் வைச்ச மூண்டிலதான் நிண்டது."

அன்று அவள் குனிந்து பார்த்தது அந்த இலக்கத்தைத்தான் என்று யோகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் அவள் பார்க்காமல் தவிர்த்தது அம்மாவின் கண்ணையல்ல, தான் செய்ததை.

அதனால ஒண்டுமில்லைப் பிள்ளை, அவருக்குக் காலம் வந்திட்டுது என்று சொல்லியிருக்கலாம். யாரும் அதைத்தான் சொல்வார்கள். கட்டியணைத்துச் சொன்னால் சிவாஜினி தலையை ஆட்டுவாள். ஆட்டிவிட்டு, தன் ஆயுள் முழுக்க அந்த மூன்றைச் சுமந்துகொண்டு திரிவாள். யோகா மகளின் விரல்களைப் பார்த்தாள். நகத்தைச் சுற்றிய தோலெல்லாம் கடித்துப் புண்ணாகியிருந்தது. சின்ன வயதில் விட்ட பழக்கம்.

"மெசின் ஓடேல்ல, பிள்ளை."

"நான் வரேக்கை ஓடினதம்மா."

"அது பிறகு நான் போட்டது. எல்லாம் முடிஞ்சாப்பிறகு."

சிவாஜினி திரும்பினாள். யோகா அவளைப் பார்க்காமல், சால்வையின் ஓரத்தைப் பார்த்துச் சொன்னாள். பொபின் பெட்டி. முதல் கம்பியைக் கூடுதலாக வெட்டியது. அவர் கேட்டபோது இலக்கம் சரியென்று சொன்னது. யன்னல். மெசினைப் போடட்டா என்று கேட்டது, அவர் வேண்டாமென்றது, தான் அதற்கு மேல் வற்புறுத்தாதது. வாய்க்குள் நாட்கணக்காகச் சொல்லிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. வந்தவை கோணலாக, முன்பின்னாக வந்தன.

"எவ்வளவு நேரம் நிப்பாட்டியிருந்தனீங்கள்?"

"ரெண்டாவது கம்பி சுத்தி முடியுமட்டும்."

குளிர்பதன இயந்திரம் எங்கோ உறுமி அடங்கியது. யோகா காத்திருந்தாள். அடித்தாலும் நல்லது என்று இருந்தது.

"கடைசியா அவர் என்ன சொன்னவர்?"

"லொறிக்காரன் புதுசு எண்டவர். பிறகு என்னைப் பகிடி பண்ணினவர். பிளவுஸ் எண்டு நினைச்சீரோ எண்டு."

சிவாஜினியின் முகம் ஒரு கணம் சிரிப்புக்கு ஆயத்தமாகி, அங்கிருந்து வேறெங்கோ போனது. அவள் சீப்பின் பற்களைப் பெருவிரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது கம்பியில இழுத்தவரோ?"

யோகா அவருடைய உதடுகளைப் பார்த்தாள். ஏதோ பூசி நிறம் கொடுத்திருந்தார்கள்.

"ஓம்."

"புகை வந்ததோ?"

"வந்தது," என்றாள் யோகா. "நல்லா வந்தது."

சிவாஜினி தலையை ஆட்டினாள். தொட்டியடிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முதுகு காட்டி நின்றாள், தோள்கள் அசையவில்லை. பிறகு குழாயை மூடி, ஈரச் சீப்போடு வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். வெளியே நடைவழியில் ஆனந்தராஜாவின் செருமல் கேட்டது. தொடர்ந்து வேறு காலடிகள், யாரோ குழந்தையை அதட்டும் குரல்.

"வந்திட்டினம்," என்றாள் சிவாஜினி.

இடது கையால் அப்பாவின் நெற்றியைத் தாங்கிக்கொண்டு அவள் தலையை வாரினாள். ஈரம் பட்ட மயிர் படிந்து கொடுத்தது. வலப்பக்கத்தில் உச்சி பிரித்து, கோணாமல் வருகிறதா என்று குனிந்து பார்த்து, மறுபடி ஒருமுறை இழுத்து நேராக்கினாள். அருந்தவன் கல்யாணத்துக்கு முன்னிருந்தே இடப்பக்கம் உச்சி பிரிப்பவர்.

யோகா சால்வையைச் சரிசெய்துவிட்டு, கதவைத் திறக்கப் போனாள்.